கார்ப்பரல் எடி ஆர்செனோவின் இடது கைக்கு

பனியிலும் பாதை தவறாதவரே, பதற்றத்திலும் பண்பு தவறாதவரே, படைத்தளத்தின் கருநீலக் காருக்குக் கண்ணும் கையுமாய் இருந்தவரே, எங்கள் அன்னையர் ஜன்னலோரம் நின்று ஆவி துடிக்கத் தேடிய அந்த ஒற்றைக் கைக்கு உரியவரே, கனடிய வான்படையின் ஓட்டுநர் கார்ப்பரல் எடி ஆர்செனோ அவர்களே, எங்கள் அன்புக்குரிய எடி அங்கிளே! ஜெர்மனியில் ரைன் நதிக்கரைத் தளத்தின் குடும்பக் குடியிருப்பில் வாழும் நாங்கள், தங்கள் பணி ஓய்வை முன்னிட்டு, வணக்கத்தோடும் வருத்தத்தோடும் வாசித்தளிக்கும் மடல் இது.

இதை எழுதும் பொறுப்பை அம்மாக்கள் எல்லோரும் கூடிப் பேசி என்னிடம் கொடுத்தார்கள். நான் டேரியா பெட்ரிஷின். மூன்றாம் மாடி. விமானி கேப்டன் பெட்ரிஷினின் மகள். பதினாறு வயது. நன்றாக எழுதுவேன் என்பதற்காக என்னிடம் கொடுக்கவில்லை. மார்ச் மாதம் உங்கள் கார் வந்து நின்ற அன்று, தட்டப்பட்டது எங்கள் வீட்டுக் கதவு. அதனால்தான்.

நீங்கள் விழாவுக்கு வருவீர்களா என்று இதை எழுதும் இந்த இரவில் எனக்குத் தெரியாது. "அந்தக் குடியிருப்புல பாராட்டு வாங்கற யோக்கியதை எனக்கு இல்ல, ஃபாதர்" என்று நீங்கள் தளத்துப் பாதிரியார் மக்கின்னனிடம் சொன்னது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தது மார்ச் மாதத்திற்குப் பிறகுதான் என்பதும் தெரியும். வந்திருந்தால் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, எப்போது நழுவலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தயவுசெய்து இது முடியும்வரை உட்காருங்கள். உங்களிடம் சேர்க்கச் சொல்லி ஒருவர் என்னிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது நடுவில் வருகிறது. அதற்குமுன் எழுந்து போய்விடாதீர்கள்.

வானூர்திகளின் வரலாற்றை வாசற்கதவுகளால் எழுதியவரே!

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில், நம் கனடாவில் செய்த போர்விமானங்களைப் பற்றிப் பேச ஒரு விமானியை அழைத்திருந்தார்கள். அவருக்குக் காய்ச்சல். செய்தி சொல்ல வந்த உங்களையே ஆசிரியை பிடித்து நிறுத்தி, "நீங்களும் இத்தனை வருஷம் கூடவே இருந்திருக்கீங்க, ஏதாவது சொல்லுங்களேன்" என்றார். நீங்கள் கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு சொன்னீர்கள்.

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான், பிள்ளைங்களா. சேபர்னா ஒரு கதவு. நூறுன்னா ரெண்டு கதவு. ஆரோன்னா கதவே இல்ல. நூத்தி நாலுன்னா மறுபடியும் ஒரு கதவு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு தானாக நின்றது. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மடல் சட்டம் போட்டு உங்கள் ஊரில் மாட்டப்படும்; அங்கே இதைப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சேபர் மொன்ட்ரியாலில் கட்டப்பட்டது. வெள்ளி போலப் பளபளக்கும், ஒருவர் மட்டும் உட்காரும் விமானம். வடிவமைப்பு அமெரிக்காவினுடையது; பிறகு வந்தவற்றில் எஞ்சினும் நம்முடையதே. ஐரோப்பாவின் வானத்தில் அதற்கு நிகர் அதுதான் என்று அந்நாளில் எல்லா நாட்டு விமானிகளும் சொன்னார்களாம். கிரீன்லாந்து, ஐஸ்லாந்து என்று தாவித் தாவிக் கடலைக் கடந்து அவை வந்தபோது, தாங்களும் இருபது வயதில் கப்பலேறி வந்தீர்கள். பிரான்சில் சேற்றின்மேல் பலகை போட்டு நடந்த ஒரு தளத்தில், தங்கள் கையில் காரின் சாவியைக் கொடுத்தார்கள். தினமும் காலையில் சேபர்கள் மேலே போய் ஒன்றையொன்று துரத்தி விளையாடும். விளையாட்டுத்தான். ஆனாலும் ஒன்று திரும்பாத நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் பாதிரியாரை ஏற்றிக்கொண்டு தாங்கள் ஒரு கதவுக்குப் போனீர்கள்.

நூறு என்பது சி.எஃப். நூறு. டொரண்டோவுக்குப் பக்கத்தில், வரைந்ததும் நாம், செய்ததும் நாம். இரவிலும் மேகத்திலும் மழையிலும் பறக்கும். அதில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். ஆகவே இரண்டு கதவுகள். "முதல் வீட்டுல முடிச்சிட்டு ரெண்டாவது வீட்டுக்குப் போறதுக்குள்ள அவங்களுக்குத் தெரிஞ்சுடும். நாங்க படியேறும்போதே கதவு திறந்திருக்கும்" என்று அன்று வகுப்பில் சொன்னீர்கள்.

ஆரோவைப் பற்றி எல்லா விமானிகளும் பெருமூச்சு விடுவார்கள். அவ்வளவு அழகு, அவ்வளவு வேகம், நம் நாடு கண்ட கனவு; அது படையில் சேர்வதற்கு முன்பே அரசாங்கம் அதை நிறுத்தி, செய்தவற்றையும் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டது. என் அப்பா இன்றும் அதைச் சொல்லிக் கோபப்படுவார். தாங்கள் மட்டும் வேறு மாதிரி சொன்னீர்கள். "நல்ல விமானம்னுதான் எல்லாரும் சொல்றாங்க. எனக்குத் தெரியாது. என்னை ஒரு மாடிப்படிகூட ஏற வைக்காத ஒரே விமானம் அதுதான்."

இப்போது எங்கள் தலைக்குமேல் பறப்பது நூற்று நான்கு. மறுபடியும் மொன்ட்ரியாலில் கட்டியது. மூக்கு நீளம், இறக்கை குட்டை. இவ்வளவு சின்ன இறக்கையை நம்பி எப்படிப் பறக்கிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். "வேகம்தான் இறக்கை" என்றார். மரங்களின் உச்சியை உரசுகிற மாதிரி, கருங்காட்டு மலைகளின் இடுக்குகளில் அது போகும். மேகம் கீழிறங்கினால் மலை எங்கே இருக்கிறது என்று தெரியாது. பறவை மோதினால் யோசிக்க நேரம் இருக்காது. வெள்ளி நிறத்தில் வந்தது, பிறகு பச்சை பூசினார்கள். நம் படையின் நீலச் சீருடையும் அதற்குள் பச்சையாகிவிட்டது. தங்கள் கார் மட்டும் நிறம் மாறவில்லை.

ஜன்னலுக்கு வெளியே வாழ்வைக் காட்டியவரே!

இங்கே ஒரு விமானம் விழுந்தால் எங்களுக்கு முதலில் வருவது சத்தம் அல்ல, அமைதி. பறந்துகொண்டிருக்கும் மற்றவற்றை வேறு தளங்களுக்குத் திருப்பிவிடுவார்கள். வானம் வெறுமையாகும். பாத்திரம் கழுவுகிற அம்மா குழாயை மூடிவிட்டுக் காது கொடுப்பார். தொலைபேசியை எடுத்தால் உயிர் இருக்காது. வதந்தி பரவக்கூடாது என்று தளத்தில் இணைப்பை நிறுத்தியிருப்பார்கள். அப்புறம் எல்லா ஜன்னல்களிலும் முகங்கள். குடியிருப்பைச் சுற்றி வரும் அந்த ஒற்றைச் சாலையில் கருநீலக் கார் திரும்பும். அது எந்த வாசலில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

ஆனால் அதே கார்தான் பல் டாக்டரையும் கொண்டுவரும், பள்ளிக்கூட அதிகாரியையும் கொண்டுவரும். பிரான்சில் ஒருநாள் பல் டாக்டரை யாரோ டீக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கார் நிற்பதற்குள் ஒரு பெண் மாடியிலிருந்து இறங்கி வந்தாராம். கோட்டின் பொத்தான்களை எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தாராம். உங்கள் பக்கத்து ஜன்னலில் குனிந்து, "சொல்லிடு தம்பி, நான் தயாராத்தான் இருக்கேன்" என்றாராம். டாக்டர் டீ குடிக்க வந்திருக்கிறார் என்று நீங்கள் சொன்னதும் அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டாராம்.

அன்றிலிருந்துதான் அந்தக் கை. சாதாரண வேலையாக வந்தால் கண்ணாடியை இறக்கி, சட்டைக் கையை முழங்கைக்குமேல் சுருட்டி, இடது கையை வெளியே தொங்கவிட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே வருவீர்கள். மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தாலும் தெரியும். வெறுங்கை தெரிந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. சட்டம் எதுவும் சொல்லவில்லை, மேலதிகாரி யாரும் உத்தரவிடவில்லை. மழையிலும் போட்டீர்கள், ஜனவரிப் பனியிலும் போட்டீர்கள். உங்கள் இரண்டு கைகளும் வெவ்வேறு ஆட்களுடையவை போல வேறு வேறு நிறத்தில் இருப்பதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஒருமுறை காரின் கண்ணாடி இறங்காமல் சிக்கிக்கொண்டது. ஐஸ் ஹாக்கி கோல்கீப்பரின் கால் கவசங்களையும் யாருடைய பிறந்தநாளுக்கோ ஒரு கேக்கையும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். நீங்கள் காரை வெளியிலேயே நிறுத்திவிட்டு, கவசத்தைத் தோளில் போட்டு, கேக்கைக் கையில் ஏந்தி, கொட்டுகிற மழையில் முழு வளைவையும் நடந்தே வந்தீர்கள். இரண்டாம் மாடியிலிருந்து விமானி ரே டக்கெட்டின் மனைவி லூயிஸ் கத்திக் கேட்டார்.

"என்ன எடி, காரை வித்துட்டியா?"

"டாக்டர் நடக்கச் சொன்னாரும்மா, உடம்பு ஏறிப்போச்சாம்."

"அப்ப அந்தக் கேக்கை இங்க குடுத்துட்டுப் போ. உன் உடம்புக்கு அது ஆகாது."

எல்லா ஜன்னல்களும் சிரித்தன. கண்ணாடியை ஏற்றிய காரை எங்கள் யாருக்கும் காட்டக்கூடாது என்றுதான் நடந்தீர்கள் என்பது அம்மாவுக்கு அன்றே தெரியும். எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

அடுப்பை அணைத்தவரே!

ஓட்டுநர் காரிலேயே இருக்கலாம். நீங்கள் இருந்ததில்லை. பாதிரியார் முன்னால் ஏறுவார், நீங்கள் பின்னால் ஏறுவீர்கள். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லும்போது நீங்கள் சமையலறைக்குப் போய் அடுப்பை அணைப்பீர்கள். அந்த நேரத்தில் எந்த வீட்டிலும் ஏதாவது கொதித்துக்கொண்டுதான் இருக்கும், அதை யாரும் நினைக்கமாட்டார்கள். பிறகு பிள்ளைகளுக்கு முகம் கழுவி விடுவீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வரும்வரை போகமாட்டீர்கள்.

இனி மார்ச் மாதத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடலாம் என்று அம்மாக்களில் சிலர் நினைத்தார்கள். பாராட்டு மடலில் அது எதற்கு என்றார்கள். என் அம்மாதான் "எழுது" என்றார்.

டக்கெட் குடும்பமும் நாங்களும் வீடு மாற்றிக்கொண்டது தங்களுக்குத் தெரியும். அவர்கள் இரண்டாம் மாடியில், வடக்குப் பக்கத்தில் இருந்தார்கள். ஈரச் சுவர், குழந்தைக்கு இருமல். அதனால், நவம்பரில் எங்கள் மாடியிலேயே எதிர்வீடு காலியானபோது அங்கே வந்தார்கள். அதுவும் வடக்குதான். அங்கேதான் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆன அன்று பாதிரியார் வந்து கேக் சாப்பிட்டார். இருமல் நிற்கவில்லை. வெயில் வருவது எங்கள் வீட்டில். "எங்க வீட்டை எடுத்துக்கங்க லூயிஸ், எங்க வீட்டுல கைக்குழந்தை இல்ல, எங்க இருந்தா என்ன" என்றார் அம்மா. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் அனுமதி கேட்காமல், நடைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சாமான்களை மாற்றிக்கொண்டோம். தொட்டிலைத் தூக்கியது நீங்கள். சோஃபா கதவில் சிக்கியபோது ரே டக்கெட், "இதை உள்ள தள்றதுக்கு நூத்தி நாலையே சுலபமாத் தரையிறக்கிடலாம்" என்றார். நீங்களும் அப்பாவும் சிரித்ததில் சோஃபா கைநழுவி ரேயின் காலில் விழுந்தது. அவர் நான்கு நாள் நொண்டிக்கொண்டு திரிந்தார்.

மார்ச் மாதத்தில் அந்த நாள். மேகம் மலைமேல் படுத்திருந்தது. மதியம் வானம் அமைதியானது. அம்மா முட்டைக்கோஸ் சுருள்களை அடுப்பில் வைத்திருந்தார். குழாயை மூடினார். நான் தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். உயிர் இல்லை. அப்பாவும் பறக்கப் போயிருந்தார், ரே டக்கெட்டும் பறக்கப் போயிருந்தார். அதற்குப்பின் சாலையில் கார் திரும்பியது. கண்ணாடி ஏறியிருந்தது. கை இல்லை. எங்கள் வாசலில் நின்றது.

படியில் என் தம்பி ஸ்டெஃப்கோவின் மூன்று சக்கர சைக்கிள் கிடந்தது. யாராவது தடுக்கி விழுவார்கள் என்று நீங்கள் அதைத் தூக்கி ஓரமாக வைக்க நின்றீர்கள். பாதிரியார் மேலே வந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த டக்கெட் வீட்டுக் கதவு எதுவோ, ஞானஸ்நானத்தன்று கேக் சாப்பிட்ட கதவு எதுவோ, அதைத்தான் தட்டினார். அதற்குப் பின்னால் நாங்கள் இருந்தோம்.

அம்மா திறந்தார். அம்மாவை அங்கே பார்த்ததும், எதிர்வீட்டுப் பெண் துணைக்கு வந்திருக்கிறார் என்று பாதிரியார் நினைத்துக்கொண்டார். அவர்மேல் குற்றமில்லை. அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து, "நீங்க இங்க இருக்கறது நல்லதாப் போச்சும்மா. உள்ள போய் உக்காரலாம்" என்றார்.

நான் அம்மாவின் பின்னால் நின்றிருந்தேன். என் அப்பா இறந்துவிட்டார் என்று எனக்கும் தெரிந்துவிட்டது. அவருடைய காலணிகள் கதவோரம் இருந்தன. இனி அவற்றை யார் எடுப்பது என்று யோசித்தேன். வேறெதுவும் தோன்றவில்லை.

அப்போதுதான் நீங்கள் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தீர்கள். "இல்லம்மா. இல்ல. இது உங்களுக்கு இல்ல."

அம்மா உங்கள் இடது கையைப் பிடித்துக்கொண்டார். சிரித்தார். சத்தமாக, மூச்சுத் திணறச் சிரித்தார். அந்தக் கையை முகத்தோடு அழுத்திக்கொண்டு முத்தமிட்டார். அந்தச் சத்தம் கேட்டு எதிர்க் கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையோடு லூயிஸ் நின்றார். சிரிக்கிற என் அம்மாவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிய பாதிரியாரைப் பார்த்தார். உங்களைப் பார்த்தார்.

"அப்ப எனக்கா, எடி?"

நீங்கள் ஆமாம் என்று தலையசைத்தீர்கள்.

அதற்குப்பின் எதுவும் எனக்கு வரிசையாக நினைவில்லை. அப்பா இருட்டிய பிறகு வேறொரு தளத்திலிருந்து பேருந்தில் வந்தார். அம்மா அவரைத் தொடவில்லை, வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். சாப்பாட்டை எடுக்கப் போனபோதுதான் கவனித்தோம். எங்கள் அடுப்பும் அணைந்திருந்தது. நாங்கள் யாரும் அணைக்கவில்லை. அந்தக் குழப்பத்தில் லூயிஸ் வீட்டு அடுப்பை அணைக்கப் போகுமுன், எங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு கால் வைத்திருக்கிறீர்கள். சுருள்கள் பாதி வெந்திருந்தன. அப்படியே சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு நீங்கள் எங்கள் சாலைக்கே வரவில்லை. யாரையாவது கொண்டுவிட வேண்டுமென்றால் வேறு ஓட்டுநரை அனுப்பினீர்கள். நான் முன்னால் போயிருக்க வேண்டும், சைக்கிளை விட்டிருக்க வேண்டும், அந்தத் தொட்டிலைத் தூக்கியவன் நான்தானே, எனக்குத் தெரியாதா என்று பாதிரியாரிடம் திரும்பத் திரும்பச் சொன்னீர்களாம். ஒரு பெண் தன் புருஷன் செத்ததை இன்னொரு பெண்ணின் சிரிப்பிலிருந்து தெரிந்துகொள்ளும்படி ஆக்கிவிட்டேன் என்றீர்களாம்.

எடி அங்கிள், இப்போது நான் கொண்டுவந்ததைக் கேளுங்கள்.

ஏப்ரலில் லூயிஸ் ஊருக்குக் கிளம்பிய அன்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் அவரோடு கீழே இறங்கினேன். அம்மா வாசல்வரை வந்தார். லூயிஸ்தான் அம்மாவின் தோளில் கை வைத்து, "நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன், ஒல்யா" என்றார். படி ஜன்னல் வழியாகப் பார்த்தோம்; கீழே கார் நின்றது. ஓட்டுநர் வேறு ஆள்.

"எடி ஏன் வரல?"

எனக்குத் தெரியும். தெரியாது என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் லூயிஸ். முதல் மாடிப் படியில் நின்றுவிட்டார். "அவரைப் பாத்தா சொல்லு. அன்னிக்கு ராத்திரி எல்லாரும் வந்து, ரேவுக்கு வலிச்சிருக்காது, ஒரு நொடிதான்னு சொன்னாங்க. நான் எடியைக் கேட்டேன். எனக்குத் தெரியாதும்மான்னாரு. அந்த வீட்டுல அன்னிக்கு நான் நம்பினது அந்த ஒரு வார்த்தையைத்தான்."

குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அப்புறம், எல்லாரும் தூங்கினதும் நான் இவனைத் தூக்கிக்கிட்டு இருட்டுல இந்தப் படியில ஓடினேன். எங்க போறேன்னு தெரியல, வெளிய போகணும், அவ்வளவுதான். கால்ல செருப்பு இல்ல, லைட் போடல. கீழ போய்ச் சேந்த பிறகுதான் நெனச்சேன், நிதமும் இங்க ஒரு சைக்கிள் கெடக்குமே. படி காலியா இருந்துச்சு, டேரியா. அதை அவர்கிட்ட சொல்லு."

இரண்டு மாதமாக இதை வைத்துக்கொண்டு திரிந்தேன். உங்கள் கார் வந்தால் சொல்லலாம் என்று ஜன்னலில் நின்றேன். நீங்கள் வரவில்லை. தளத்து வாயிலுக்கு வந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கருநீலக் காரின் பக்கத்தில் போய் நிற்கவே எனக்குப் பயம். ஆகவே இங்கே, எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். படி காலியாக இருந்தது.

பிரிவிலும் எங்களைப் பிரியாதவரே!

தாங்கள் சென்ற பிறகு இந்தச் சாலையில் எந்தக் கை வரும் என்ற கவலை எல்லோருக்கும் இருந்தது. தங்களுக்குப் பதிலாக வந்திருக்கும் புதிய ஓட்டுநர் வின்னிபெக் நகரத்துப் பையன்; நல்லவர்; ஆனால் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு ரேடியோ கேட்பவர். முதல் நாள் அவர் வந்தபோது நான்கு வீட்டுப் பெண்கள் கோட்டு போட்டுக்கொண்டு கீழே வந்துவிட்டார்கள். அவர் கொண்டுவந்தது தபால் மூட்டை.

அதற்கு மறுநாள் என் அப்பா பறந்துவிட்டுத் திரும்பும்போது, கொட்டும் மழையில், எங்கள் பழைய ஃபோக்ஸ்வாகனின் கண்ணாடியை இறக்கி, சட்டையைச் சுருட்டி, இடது கையை வெளியே போட்டுக்கொண்டு வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அடுத்த நாள் மூன்று அப்பாக்கள் அப்படி வந்தார்கள். இப்போது ரொட்டி வண்டிக்கார ஜெர்மானியரும் போடுகிறார், பால்காரரும் போடுகிறார். வின்னிபெக் பையன் அம்மாவிடம் கேட்டார்.

"ஏங்க, எல்லாரும் கையை வெளிய போட்டுக்கிட்டே ஓட்டறாங்களே, இங்க ஏதாவது சட்டமா?"

"ஆமாப்பா. சட்டம்தான்" என்றார் அம்மா.

அவரும் போடத் தொடங்கிவிட்டார்.

ஆனால் ஒருநாள் கண்ணாடி ஏறிய கார் வரும். அது எங்களுக்குத் தெரியும். அப்பா திங்கட்கிழமை மறுபடி பறக்கப் போகிறார். மேகம் இருக்கும் என்று வானொலியில் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. பயப்படாதே என்று தாங்கள் யாரிடமும் எப்போதும் சொன்னதில்லை. அதனால் தங்களிடம் இதைச் சொல்ல முடிகிறது.

தங்கள் கைக்கு ஆள் கிடைத்துவிட்டது. தங்கள் இன்னொரு வேலையை யார் எடுப்பது என்று அம்மாக்கள் பேசியபோது நான் கையைத் தூக்கினேன். கார் எந்த வாசலில் நின்றாலும் நான் போகிறேன். சொல்ல வேண்டியதைப் பாதிரியார் சொல்லட்டும். நான் முதலில் படியில் கிடப்பதை எடுத்து ஓரமாக வைப்பேன். பிறகு சமையலறைக்குப் போய் அடுப்பை அணைப்பேன். குழந்தைகள் இருந்தால் முகம் கழுவி விடுவேன். யாராவது ஏதாவது கேட்டு, எனக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்பேன்.

கனடாவில், தங்கள் ஊர் வளைகுடாக் கரையில், தங்கள் அண்ணனின் படகு காத்திருக்கிறது என்று கேள்விப்பட்டோம். படகில் ஏற்றி இறக்கக் கண்ணாடி இல்லை என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி. இத்துடன் அம்மாக்கள் சேர்ந்து பின்னிய ஒரு கம்பளிக் கையுறையும் அளிக்கிறோம். முழங்கைவரை வரும். இடது கைக்கு மட்டும்தான்; வலது கை என்றும் கதகதப்பாகத்தான் இருந்தது. அந்தக் கை இனிமேல் குளிர்காணாமல், நோய்காணாமல், யார் வீட்டுப் படியும் ஏறாமல், கடல் வெயிலில் நெடுங்காலம் இளைப்பாற வேண்டும் என்று வேண்டுகிறோம். அலையமைதியும் மன அமைதியும் தங்களுக்கு ஒருசேர வாய்க்கட்டும்.

நாளை தங்களை ரயிலுக்கு அழைத்துச் செல்லும் கார் எங்கள் சாலை வழியாகப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். தாங்கள் பின்இருக்கையில் இருப்பீர்கள். இடது பக்கமாக உட்காருங்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.

திங்கட்கிழமையோ வேறொரு நாளோ அந்தக் கார் எங்கள் வாசலிலேயே நின்று, அது சரியான கதவாகவும் இருந்தால், அன்று நான் எதையும் அணைக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அப்போது வேறு யாராவது வந்து எங்கள் அடுப்பை அணைப்பார்கள். கேட்டுவிட்டேன். எல்லா வீடுகளிலும் சரி என்றார்கள்.

இங்ஙனம்,
ஜன்னல்களில் நிற்கும் நாங்கள் அனைவரும்,
குடும்பக் குடியிருப்பு, ரைன் நதிக்கரைத் தளம்.